கஞ்சாவும் மனநலமும்

கொடைக்கானல் நகரின் ஆரவாரத்தை விட்டு வில்பட்டிப் பக்கமாகச் சென்றால், மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த தோட்டங்களுக்கிடையே பள்ளங்கி என்னும் சிற்றூரைக் காணலாம். உருளைக்கிழங்கும் காரட்டும் பீன்ஸும் மலைப்பூண்டும் விளையும் ஊர் அது. சில ஆண்டுகளுக்கு முன், பூண்டு பிடுங்கும் பருவத்தில் ஒரு மாலைப்பொழுது, அவ்வூர்ப் பெரியவர் ஒருவரது தோட்டத்து வரப்பில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தேன். கீழே சமவெளியில் ஒரு கல்லூரியில் பயிலும் அவருடைய பேரனும், விடுமுறைக்கு வந்திருந்தவன், எங்களோடு இருந்தான்.

பேச்சு விளைச்சலிலும் விலையிலும் தொடங்கி, பக்கத்து வீட்டு இளைஞன் ஒருவனிடம் வந்து நின்றது. அவனுக்கு வயது இருபத்திரண்டு இருக்கலாம். நகரத்துக்கு வேலைக்குப் போனவன், திரும்பி வந்து ஒன்றரை ஆண்டாயிற்று. அறையை விட்டு வெளியே வருவதில்லை. தனக்குத் தானே பேசுகிறான். தாய் இடும் சோற்றில் யாரோ நஞ்சு கலந்திருப்பதாகச் சொல்லித் தட்டைத் தள்ளிவிடுகிறான்.

"கஞ்சா குடித்தான், கெட்டான். அதைத் தொட்டவனுக்குப் பித்துத்தான் முடிவு. அதற்கு மருந்து ஏது, வாத்தியார் ஐயா?" என்றார் பெரியவர்.

"அப்படிச் சொல்லாதீர்கள், தாத்தா. அது வெறும் மூலிகை. வெள்ளைக்காரன் காலத்திலேயே குழு அமைத்து ஆராய்ந்து, கஞ்சாவினால் பைத்தியம் பிடிப்பதில்லை என்று எழுதிவிட்டார்கள்" என்றான் பேரன்.

பின்பு இருவரும் என் முகத்தைப் பார்த்தனர். அன்று என்னால் முழு விடை சொல்ல இயலவில்லை. படித்தும் கேட்டும் பின்னர் நான் தெரிந்துகொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன். இவ்வழக்கு அந்த வரப்பில் மட்டும் நடந்ததன்று. நூற்றுமுப்பது ஆண்டுகளாக உலகெங்கும் நடந்து வருவது. அதன் முதற்பெரும் விசாரணை நடந்த நாடும் நம் நாடே.

முதலில் பொருள் இன்னது எனத் தெளிவோம். ஒரே செடியிலிருந்து மூன்று பொருள்கள் கிடைக்கின்றன. இலையை அரைத்தால் பங்கி; இதனையே வடநாட்டார் பாங் என்பர். பெண்செடியின் பூங்கொத்தைக் காயவைத்தால் கஞ்சா. அதன் பிசினைத் திரட்டினால் சரஸ். இம்மூன்றிலும் மயக்கம் தருவது டெட்ராஹைட்ரோகன்னபினால் என்னும் பொருள், சுருக்கமாக டி.எச்.சி. என்பர். 1964இல் இஸ்ரேல் நாட்டு அறிஞர்களான ரபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் இதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர்.

இப்பொருள் மூளையில் எவ்வாறு வேலை செய்கிறது? நம் மூளையே இதனை ஒத்த ஒரு பொருளைத் தனக்கெனச் சுரந்துகொள்கிறது. 1992இல் அதனைக் கண்டுபிடித்தவர்கள், 'ஆனந்தம்' என்னும் நம் நாட்டுச் சொல்லைக் கொண்டே 'ஆனந்தமைடு' எனப் பெயரிட்டனர். நரம்புகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திகளை மட்டுப்படுத்தி ஒழுங்கு செய்வது அதன் பணி. சிறிது சுரந்து விரைவில் அழிந்துவிடும். கஞ்சாவின் டி.எச்.சி. அதே இடங்களில் சென்று அமர்கிறது. ஆனால் நெடுநேரம் தங்குகிறது. காலம் நீண்டும் ஒலி கூர்ந்தும் தோன்றுவதும், நினைவு தடுமாறுவதும், சிலருக்குக் காரணமற்ற அச்சமும் ஐயமும் எழுவதும் இதனாலேயே. பெரும்பாலோர்க்குச் சில மணி நேரத்தில் அந்நிலை நீங்கிவிடும். நீங்காமல் நிலைத்துவிடும் மனநோயை அது உண்டாக்குமா என்பதே வழக்கு.

இனி, பேரன் குறிப்பிட்ட குழுவைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவின் மனநோய் விடுதிகள் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டன. நோயாளிகள் இத்தனை பேர், அவர்கள் நோய்க்குக் காரணம் இன்னது என்று அட்டவணை இருக்கும். அதில் 'கஞ்சா' என்னும் சொல் அடிக்கடி காணப்பட்டது. இதனைக் கண்டு கவலையுற்ற மதுவிலக்கு இயக்கத்தார் கஞ்சாவை முற்றிலும் தடுக்குமாறு கோரினர். 1893இல் கெயின் என்னும் உறுப்பினர் இலண்டன் நாடாளுமன்றத்தில் இது பற்றி வினா எழுப்பினார். அதன் விளைவாக அமைந்ததே இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு. மாக்வொர்த் யங் என்பவர் அதன் தலைவர். உறுப்பினர் எழுவரில் மூவர் இந்தியர். அவர்கள் நாடெங்கும் சென்று 1,193 பேரிடம் சாட்சியம் பெற்று, 1894இல் பல தொகுதிகள் கொண்ட அறிக்கை அளித்தனர்.

அந்த அறிக்கையில் நாம் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. விடுதிகளின் அட்டவணையை அக்குழுவினர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. 'காரணம்: கஞ்சா' என்று எழுதியவர் யார், எதனைக் கொண்டு எழுதினார் என்று கேட்டனர். விடை வியப்பளித்தது. தெருவில் திரியும் மனநோயாளியை விடுதிக்கு அனுப்பும்போது காவலர் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புவார். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டத்தை வெறுமையாக விடலாகாது. உறவினர் இல்லை, நோயாளியோ பேசும் நிலையில் இல்லை. அவன் கஞ்சா பிடித்ததுண்டு என்று யாரேனும் சொன்னால் போதும், அதுவே காரணமாகிவிடும். விடுதி மருத்துவர் பலர் அச்சொல்லை மறு விசாரணையின்றிப் பதிவேட்டில் ஏற்றினர். பதிவேடு அட்டவணையாயிற்று, அட்டவணை அறிவியலாயிற்று.

குழுவினர் 1892ஆம் ஆண்டில் விடுதிகளில் சேர்க்கப்பட்ட 1,344 பேரின் கணக்கை எடுத்துக்கொண்டனர். அவருள் கஞ்சா முதலியவற்றால் நோயுற்றவர் என்று எழுதப்பட்டவர் 222 பேர். ஒவ்வொருவருடைய ஊருக்கும் ஆள் விட்டு, குடும்பத்தாரை விசாரித்து, மருத்துவரை மீண்டும் கேட்டனர். முடிவில், கஞ்சாவுக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று சொல்லத்தக்கவர் 98 பேரே எஞ்சினர். மற்றையோருள், நோய் வந்த பிறகு கஞ்சாவைத் தொட்டவர் உண்டு. குடும்பத்திலேயே நோய் இருந்தவர் உண்டு. கஞ்சாவையே தொடாதவரும் உண்டு.

ஆகவே, பேரன் சொன்னது சரிதானோ என்று நீங்கள் கேட்கலாம். பாதி சரி. கஞ்சாவின் தீமை மிகைப்படுத்தப்பட்டது, அளவோடு கொள்வோர்க்கு மனக்கேடு விளைவதாகச் சான்றில்லை என்று குழு கூறியது உண்மை. ஆனால், அளவு மீறிக் கொள்வது மனத்தின் நிலையின்மையை மிகுவிக்கும் என்றும், சிலருக்கு அது பித்தை உண்டாக்குவது ஐயத்துக்கிடமற்றது என்றும் அதே குழு எழுதியது. எஞ்சிய அந்த 98 பேரை அது மறக்கவில்லை. தாத்தாவும் பேரனும் ஒரே ஏட்டின் இரு பக்கங்களை ஆளுக்கொன்றாகக் கையில் வைத்திருந்தனர்.

அந்தக் குழுவால் காண முடியாத ஒன்றும் இருந்தது. நோய் வந்த பின்பு, வந்தவனைப் பற்றிப் பின்னோக்கி விசாரிப்பதே அவர்களுக்கு இயன்றது. கொடைக்கானலில் வாழ்வோர்க்கு இதன் குறையை எளிதில் விளக்கலாம். நம் மலையுச்சியில் இருக்கும் சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் நாள்தோறும் சூரியனைப் படம் எடுத்து வருகின்றனர். புள்ளி தோன்றிய பிறகு அது எப்போது தோன்றியது என்று ஊராரைக் கேட்பதில்லை. தோன்றுமுன்பே பார்க்கத் தொடங்கி, வானம் தெளிந்த நாளெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர். இவ்வாறு தொடர்ந்து நோக்கியதால்தான் எவர்ஷெட் என்னும் அறிஞர் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் பாயும் முறையை இங்கிருந்து கண்டறிந்தார். மனநோய் ஆராய்ச்சிக்கும் இத்தகைய முறை வேண்டியிருந்தது. நோய் வருமுன்பே பல்லாயிரம் பேரைக் குறித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பார்த்து வரவேண்டும்.

சுவீடன் நாட்டில் அது நிகழ்ந்தது. 1969, 1970 ஆண்டுகளில் படையில் சேர அழைக்கப்பட்ட இளைஞர் 45,570 பேரிடம் அவர்களுடைய பழக்கங்களைக் கேட்டு எழுதிக்கொண்டனர். பதினைந்து ஆண்டுகளில் அவருள் யாருக்கு மனச்சிதைவு நோய் வந்தது என்று மருத்துவமனை ஏடுகளிலிருந்து கணக்கிட்டனர். 1987இல் முடிவு வெளியாயிற்று. ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா கொண்டவர்க்கு, தொடாதவரைவிட ஆறு மடங்கு மிகுதியாக அந்நோய் வந்திருந்தது. முன்பே இருந்த மனக்கோளாறு, குடும்பச் சூழல் முதலிய பிற காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது, ஆறு மடங்கு இரு மடங்குக்குச் சற்று மேலாகக் குறைந்தது, ஆயினும் மறையவில்லை.

நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 1973 ஆண்டுகளில் பிறந்த 1,037 குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து பார்த்து வருகின்றனர். பதினைந்து வயதுக்குள் கஞ்சாவைத் தொடங்கியவருள் பத்தில் ஒருவருக்கு, இருபத்தாறு வயதில் மனச்சிதைவை ஒத்த நோய் காணப்பட்டது. தொடாதவருள் அது நூற்றுக்கு மூவர் அளவே. அவ்வாறு இளமையில் தொடங்கியவர் தொகை சிறியது என்பதையும், பதினொரு வயதிலேயே இருந்த மனக்குறிகளைக் கழித்துப் பார்த்தால் வேறுபாடு வலுக் குறைந்தது என்பதையும் 2002இல் அம்முடிவை வெளியிட்டவர்களே கூறினர். 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பதினொரு இடங்களில், முதன்முறையாக மனப்பிறழ்வுற்ற 901 பேரை மற்றவரோடு ஒப்பிட்டது. நாள்தோறும் கஞ்சா கொள்வோர்க்கு அந்நோய் வரும் வாய்ப்பு மும்மடங்குக்கு மேல். வீரியம் மிக்க கஞ்சாவை நாள்தோறும் கொள்வோர்க்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு.

எதிர்த் தரப்புக்கும் வலுவான வாதம் உண்டு. நோய்க்கு இயல்பாகவே ஆட்படக்கூடியவர், தம் மனக்கலக்கத்தை ஆற்றிக்கொள்ளக் கஞ்சாவை நாடக்கூடும் அன்றோ? அவ்வாறாயின் நாம் காரணம் எனக் கருதுவதே விளைவாகிவிடும். இதனைச் சோதிக்க, ஏறத்தாழ 1,80,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2018இல் ஒரு முடிவு வெளியிட்டனர். மனச்சிதைவுக்கு ஏதுவான மரபுக்கூறு உடையவர் கஞ்சாவை நாடும் போக்கு மிகுதி என்பதற்கு அதில் சான்று கிடைத்தது. எனவே பாதை இரு திசையிலும் செல்கிறது. இன்றைய மனநல மருத்துவருள் பலரும், கஞ்சா தனித்து நின்று நோயை உண்டாக்குவதினும், ஏற்கெனவே ஈரம் இல்லாத காட்டில் தீப்பொறி விழுவது போன்று செயற்படுகிறது என்று கருதுகின்றனர். கோடையில் நம் மலையில் காடு எரிவதைக் கண்டவர்க்கு இது விளங்கும். எல்லாப் பொறியும் தீயாவதில்லை. ஆனால் எந்தச் சரிவு உலர்ந்து கிடக்கிறது என்று பொறியை வீசுபவனுக்குத் தெரியாது.

'மடங்கு' என்னும் சொல்லையும் மாணவர்கள் கவனமாகக் கையாள வேண்டும். மனச்சிதைவு நோய் வாழ்நாளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர்க்கே வருவது. அது இரு மடங்கானாலும் மும்மடங்கானாலும், கஞ்சா தொட்டவருள் பெரும்பாலோர்க்கு அந்நோய் வாராது. ஆகையால், 'தொட்டவனெல்லாம் பித்தன்' என்பது பொய். அப்பொய்யைச் சொல்லி மாணவரை அச்சுறுத்துவதால் தீமையே விளையும். தொட்டும் நலமாக இருக்கும் ஒரு தோழனைக் கண்டவுடன், பெரியவர்கள் சொன்ன எல்லாமே பொய் என்று அவன் முடிவு கட்டிவிடுவான்.

யாருக்கு இடர் மிகுதி என்பது இன்று ஓரளவு தெளிவாகியிருக்கிறது. இளமையில் தொடங்குவோர்க்கு, அடிக்கடி கொள்வோர்க்கு, வீரியம் மிக்கதைக் கொள்வோர்க்கு, குடும்பத்தில் மனநோய் உடையோர்க்கு. இந்நான்கில் முதலாவது உங்களைப் பற்றியது. மனித மூளை பள்ளிப் பருவத்தோடு வளர்ந்து முடிவதில்லை. இருபத்தைந்து வயதை ஒட்டியே முதிர்ச்சி அடைகிறது. திட்டமிடுதல், தன்னை அடக்குதல், பின்விளைவை எண்ணுதல் ஆகியவற்றுக்குரிய முன்மூளைப் பகுதியே கடைசியில் முதிர்வது. ஆனந்தமைடின் பணி அவ்வளர்ச்சியிலும் உண்டு. கட்டி முடியாத வீட்டுக்குள் மழை புகுவது வேறு. கூரை வேய்ந்த வீட்டின்மேல் மழை பெய்வது வேறு.

மூன்றாவது குறிப்பும் நினைவில் நிற்கத்தக்கது. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவைச் சோதித்ததில், 1995இல் நூற்றுக்கு 4 பங்காக இருந்த டி.எச்.சி. 2014இல் 12 பங்காக உயர்ந்திருந்தது. 1894இன் குழு ஆராய்ந்த பொருளும் இன்று பல நாடுகளில் விற்கப்படும் பொருளும் பெயரால் ஒன்று; வலிவால் ஒன்றல்ல. மேலும், அன்று சாட்சியம் கூறியவர் பேசியது பெரும்பாலும் வளர்ந்த உழைப்பாளிகளையும் துறவிகளையும் பற்றியே. பதினைந்து வயது மாணவன் அன்றைய வழக்கில் இல்லை.

கனடா 2018இல் கஞ்சாவைச் சட்டப்படி அனுமதித்ததே என்று சிலர் வாதிடுவர். உண்மை. ஆனால் அந்நாட்டிலும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்க்கு விற்பது குற்றம், பல மாநிலங்களில் வரம்பு 19, கியூபெக்கில் 21. அனுமதித்த நாடே இளையோருக்கு விலக்கு வைத்திருப்பதன் காரணம் இதுகாறும் நாம் கண்டதே.

நம் நாட்டு நிலை என்ன? 2019இல் மைய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, முந்திய ஓராண்டில் பங்கியோ கஞ்சாவோ சரஸோ கொண்டவர் ஏறத்தாழ 3.1 கோடி; அவருள் உதவி வேண்டும் நிலையில் இருப்பவர் ஏறத்தாழ 72 இலட்சம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாவை வைத்திருப்பதும் விற்பதும் கொள்வதும் குற்றமாகும். ஒரு கிலோ வரை வைத்திருந்தால் ஓராண்டு வரை கடுங்காவலோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 20 கிலோவுக்கு மேற்பட்டால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. கொடைக்கானலுக்கு வரும் உல்லாசப் பயணிகளுள் சிலர் இதனைத் தேடுகின்றனர் என்பதும், சிறு கூலிக்காக மலைப் பிள்ளைகள் கைமாற்றிக் கொடுக்கும் இடரில் சிக்கக்கூடும் என்பதும் மறைக்கத்தக்கன அல்ல. பயணி மறுநாள் ஊர் திரும்பிவிடுவான். வழக்கு மலைப் பிள்ளையின் பெயரில் நிற்கும். அதே சட்டத்தில் பலர் அறியாத ஒரு பிரிவும் உண்டு. பழக்கத்துக்கு அடிமையானவன், தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சையை முறையாக மேற்கொண்டால், கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ உள்ள வழக்கிலிருந்து அவனுக்கு விலக்களிக்கலாம் என்கிறது 64அ பிரிவு. சட்டத்துக்கு அஞ்சி மருத்துவரிடம் போகாமல் இருக்க வேண்டுவதில்லை.

இனிப் பள்ளங்கிக்குத் திரும்புவோம். அந்த இளைஞனின் வீட்டார் அவனை ஒன்றரை ஆண்டு மருத்துவரிடம் காட்டவில்லை. அன்பு இல்லாமல் அன்று. 'காரணம்' தெரிந்துவிட்டது என்று அவர்கள் எண்ணியதே காரணம். கஞ்சாவினால் வந்த கேடு, தானே வரவழைத்துக்கொண்டது, இதற்கு மருந்தில்லை என்று ஊர் முழுதும் தீர்ப்பளித்துவிட்டது. 1892இல் காவலர் நிரப்பிய அதே கட்டத்தை ஊரார் நிரப்பினர். பேரன் சொன்னதும் அவனுக்கு உதவவில்லை. கஞ்சாவினால் இல்லை என்று நிறுவிவிட்டால் அவன் நலமாகிவிடுவானா?

அடுத்த கிழமை அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பேரனே வண்டி ஓட்டினான். மருத்துவர் தாயிடம் பொறுமையாகக் கேட்டார். எப்போது முதலில் தனித்து இருக்கத் தொடங்கினான்? தூக்கம் எப்போது கெட்டது? குரல் கேட்பதாக எப்போது சொன்னான்? பத்தாம் வகுப்பிலேயே அவன் யாரோடும் பேசாமல் ஒதுங்கினான் என்பது அப்போதுதான் தாய்க்கு நினைவு வந்தது. கஞ்சா அதன் பின்னர் வந்தது. நோயைக் கஞ்சா கொண்டுவந்ததா, வந்துகொண்டிருந்த நோயை விரைவுபடுத்தியதா, இனி யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது என்றார் மருத்துவர். எதுவாயினும் சிகிச்சை வேண்டும், எதுவாயினும் அவன் இனிக் கஞ்சாவைத் தொடலாகாது, தொட்டால் நோய் மீளும் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்.

மாணவ நண்பர்களே, உங்கள் தோழன் ஒருவன் தூக்கம் இழந்து, படிப்பில் நாட்டம் இழந்து, தன்னை யாரோ பின்தொடர்வதாக ஐயுற்று, பிறர்க்குக் கேளாத குரல் தனக்குக் கேட்பதாகச் சொன்னால், அவன் எதைப் புகைத்தான் என்ற வழக்கைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவனை மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். இத்தகைய நோய்க்குச் சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நன்மை. மைய அரசின் மனநல உதவி எண் 14416. போதைப் பழக்கத்துக்கான உதவி எண் 14446. இரண்டும் கட்டணமற்றவை. உங்களிடம் ஒருவர் அதனை நீட்டும்போது, உங்கள் குடும்பத்தின் முழு வரலாறும் உங்களுக்குத் தெரியுமா என்று ஒரு கணம் எண்ணிப்பாருங்கள். மூன்று தலைமுறையில் 'சாமி வந்தது' என்றும் 'காற்றுப் பட்டது' என்றும் மூடி வைத்த செய்திகள் எந்த வீட்டிலும் இருக்கலாம்.

சென்ற முறை பள்ளங்கிக்குப் போனபோது, அந்த இளைஞன் தாயோடு வரப்பில் பூண்டுக் கட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தான். மெதுவாகத்தான் கட்டினான், ஆனால் கட்டினான். பெரியவர் என் அருகே வந்து, "ஏன் ஐயா, அந்தப் பையனுக்கு எதனால் வந்தது என்று டாக்டர் சீட்டில் எழுதினார்?" என்று கேட்டார்.

"அதை அவர் எழுதவில்லை, ஐயா. மருந்தைத்தான் எழுதியிருக்கிறார்" என்றேன்.